ஐப்பசி ஈரத்தில் பூத்துப்போன படை: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

எங்கள் குழுவில் ஒன்பது பேர். மாதத்தில் இரண்டு ஞாயிறு என் வீட்டு ஹாலில் ஆறடிக்கு நாலடி பலகையைப் போட்டு மினியேச்சர் போர் விளையாடுகிறோம். பலகைமேல் தெர்மாகோல் குன்று, தேங்காய் நார்க் காடு, அட்டைக் கோட்டை. இரு பக்கமும் கற்பனைக் கதைகளில் வரும் விரல் நீள உருவங்கள்: ஓர்க், கோப்ளின், எல்ஃப், குள்ளர், எலும்புக்கூட்டு வீரர். எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை இஞ்சு டேப் வைத்து அளப்போம். வெட்டு விழுந்ததா தப்பியதா என்பதை ஆறுமுகப் பகடை சொல்லும். இந்த வகையில் உலகெங்கும் தெரிந்த பெயர் 1983-ல் இங்கிலாந்தில் வந்த வார்ஹாமர். நாங்கள் பெரும்பாலும் ஆடுவது கிங்ஸ் ஆஃப் வார். எந்தக் கம்பெனி உருவமானாலும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். சென்னையில் கைக்குக் கிடைத்ததை வைத்து ஆடுகிறவர்களுக்கு அது பெரிய சலுகை.

ஆடும் நேரம் கொஞ்சம்தான், பெயிண்ட் அடிக்கும் நேரம்தான் அதிகம். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து உருவத்தை நிப்பரால் வெட்டி, அச்சு விட்ட தழும்பைக் கத்தியால் சுரண்டி, ஒட்டி, பிரைமர் அடித்து, அடிவண்ணம் வைத்து, மடிப்புகளில் வாஷ் என்ற நீர்த்த வண்ணத்தை ஓடவிட்டு, மேடுகளில் வெளிர்நிறத்தை டிரைபிரஷ் செய்து (கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் தடவி), கண்ணுக்குப் புள்ளி வைத்து முடிக்க ஒரு சாதாரணக் கோப்ளினுக்கே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கடைசியில் வார்னிஷ். அக்ரிலிக் பெயிண்ட் விரல் பட்டுப் பட்டு மூக்கு நுனி, ஈட்டி முனை, தோள் என்று ஒவ்வொரு இடமாகத் தேயும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பூச்சு. பொம்மைபோலப் பளபளக்கக் கூடாது என்பதால் பெரும்பாலோர் மேட் வார்னிஷ் அடிப்பார்கள். இந்த ஆய்வு முழுக்க அந்தக் கடைசிப் பூச்சைச் சுற்றித்தான்.

நடுவில் இருப்பவரை நண்பர் என்றே குறிப்பிடுகிறேன். முப்பதுகளில் இருப்பவர். வங்கி வேலை. மடிப்பாக்கத்தில் பெற்றோருடன் மாடி வீடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறி, பெட்டி பெட்டியாக அவர் வைத்திருந்த உருவங்களும் விதிப்புத்தகங்களும் ஊறிப்போயின. அதன்பிறகு இந்தச் சாமான் எல்லாவற்றையும் மாடியில் தன் படுக்கையறைக்கு ஏற்றிவிட்டார். அங்கே ஏசி உண்டு. விரல் வியர்க்காமல் பெயிண்ட் அடிக்கவும் அது வசதி. அந்த ஏசிதான் பின்னால் முக்கியமாகப் போகிறது.

புதிதாக வாங்கிச் சேர்த்த படையில் 62 உருவங்கள்: 40 கோப்ளின், 15 ஓர்க், ஓநாய்மேல் வருகிறவர்கள் ஆறு பேர், ஒரு பெரிய ட்ரோல். பதினான்கு மாதம் உழைத்தார். நவராத்திரிக்குள் ஐம்பதுக்கு மேல் முடிந்திருந்தன. அவருடைய அம்மா ஏழு படி கொலு வைப்பவர். தசாவதாரமும் மரப்பாச்சியும் செட்டியாரும் மேலே, தரையில் பார்க். அந்த ஆண்டு பார்க்கின் ஓரத்தில் கோப்ளின்கள் அணிவகுத்து நின்றன. சுண்டல் வாங்க வந்தவர்கள் "இது என்ன மாமி புதுசா?" என்று கேட்டால் "சிவனோட பூதகணம்" என்று சொல்லிவிடுவார். சிலர் நம்பவும் செய்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் மொபைலில் படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் பின்னால் எப்படி உதவின என்பதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

## நாங்கள் வைத்த விதி

அதற்கு முந்தைய பொங்கல் சமயத்தில் குழுவில் ஒரு விதி வைத்தோம்: பெயிண்ட் முடியாத உருவம் மேசை ஏறாது. முன்மொழிந்தவன் நான். அதற்கு முன் எங்கள் மேசையில் பாதிக்கு மேல் சாம்பல்நிறப் பிளாஸ்டிக். எது ஓர்க், எது எல்ஃப் என்று கேட்டுக் கேட்டு ஆட வேண்டியிருந்தது. விதி வந்தபிறகு பத்து மாதத்தில் நான்கு படைகள் முடிந்தன. அதுவரை ஆண்டுக் கணக்கில் முடியாதவை அவை. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இரண்டு விஷயங்களைக் கவனிக்காமல் விட்டோம். குழுவில் ஒரு கல்லூரி மாணவர் இருக்கிறார். பெயிண்டுக்கே காசு சேர்த்து வாங்குகிறவர். விதியால் அவர் மாதக்கணக்கில் மற்றவர்களுக்குப் பகடை உருட்டிக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சீக்கிரம் முடிச்சிடு தம்பி" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தோம். இன்னொன்று, "முடிந்தது" என்றால் எது வரை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வார்னிஷ் அதில் சேருமா சேராதா? ஆளுக்கொரு எண்ணம் இருந்திருக்கிறது.

நவம்பர் இரண்டாவது ஞாயிறு ஒன்பது பேரும் சேர்ந்து நாள் முழுக்க ஒரு பெரிய போர் என்று முடிவு செய்தோம். தேதி குறித்தபோது வடகிழக்குப் பருவமழை எங்கள் யாருடைய கணக்கிலும் இல்லை. பிரியாணிக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்தோம்.

## சனிக்கிழமை இரவு

மாலை 7.40-க்கு நண்பர் வாட்ஸ்ஆப்பில் கேட்டார்: "அண்ணா, ட்ரோல் மட்டும் பாக்கி. மத்ததெல்லாம் பெயிண்ட் முடிஞ்சுது. வார்னிஷ் அடிக்கல. அப்படியே எடுத்துட்டு வரலாமா?"

நான் எழுதிய பதில்: "ட்ரோல் இல்லன்னா பரவாயில்ல. ஆனா வார்னிஷ் அடிச்சுட்டு வந்துடுங்க, நாளைக்கு நிறைய கை படும்."

அப்போது என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. எந்த வார்னிஷ், எங்கே வைத்து அடிக்கப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. அவர் கேட்டதும் சந்தேகம் தீர்க்க இல்லை, அனுமதிக்குத்தான் என்பது இப்போது படிக்கும்போது தெரிகிறது.

அவர் செய்ததைப் பிறகு அவர் சொன்னபடி தருகிறேன். மூன்று அட்டைகளில் இருபக்க டேப் ஒட்டி 20, 20, 21 என்று உருவங்களை நிறுத்தினார். கையில் இருந்தது உள்ளூர் ஹார்டுவேர் கடையில் வாங்கிய மேட் லாக்கர் (வேகமாகக் காயும் ஒருவகை வார்னிஷ்) ஸ்ப்ரே, 400 மில்லி கேன். அழுத்த வாயு அடைத்த கேன்களை விமானத்தில் அனுப்புவது கடினம் என்பதால் மினியேச்சருக்கென்றே வரும் வெளிநாட்டு ஸ்ப்ரேயை எதிர்பார்த்து உட்கார முடியாது. இங்கே பலரும் உள்ளூர் கேனைத்தான் நம்புகிறோம். இதே கேனை ஆகஸ்டில் ஒரு வெயில் மதியம் ஒரு கோப்ளின்மேல் அடித்துப் பார்த்து, நன்றாக வந்ததால் திருப்தியாகி எடுத்து வைத்திருக்கிறார். ஒன்றில் சோதித்துப் பார் என்று எல்லாரும் சொல்வதை அவர் செய்துதான் இருக்கிறார்.

ஒன்பது மணிவாக்கில் மழை விட்டது. படுக்கையறையில் ஏசி 23-ல் ஓடிக்கொண்டிருந்தது. உருவங்களும் கேனும் மதியத்திலிருந்து அங்கேதான். மூன்று அட்டைகளையும் பால்கனிக்குக் கொண்டுவந்து, கேனை இரண்டு நிமிடம் குலுக்கி, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்திலிருந்து முதல் அட்டைக்கு உடனே அடித்தார். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது, இன்னும் பத்து நிமிடம் கழித்து மூன்றாவது. கை நகர்ந்துகொண்டே இருக்க மெல்லிய பூச்சாகத்தான் அடித்ததாகச் சொல்கிறார். அவர் வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் நான் நம்புகிறேன். பால்கனியில் மஞ்சள் பல்பு. ஈரத்தில் எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது 61 உருவங்களும் வெளுத்திருந்தன.

## ஞாயிறு

பத்து மணிக்கு வந்தார். பெட்டியைத் திறந்தபோது அறை கொஞ்சம் அமைதியானது. பச்சைத்தோல் கோப்ளின்கள்மேல் உப்புப் பூத்த சுவர்போல ஒரு வெண்மை. கறுப்பு அங்கிகள் சாம்பலாகியிருந்தன. ஒருவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான், "படையே திருநீறு பூசிக்கிட்டு வந்திருக்கு" என்றார். நாங்கள் சிரித்தோம். நண்பர் சிரிக்கவில்லை.

ஆடலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் பேசினோம். பெயிண்ட் முடிந்த படைதான், விதிப்படி சிக்கல் இல்லை என்று நான் சொன்னேன். அந்த நேரத்தில் விதியைப் பற்றிப் பேசியிருக்கவே கூடாது. முதல் இரண்டு சுற்றில் அவருடைய கோப்ளின் அணி இரண்டு சிதறி ஓடியது. பகடை அப்படி. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அம்மா நன்றாகத்தான் இருந்தார்.

அன்று கவனித்த ஒரே பயனுள்ள விஷயம் மாணவருடையது. எல்லா உருவமும் ஒரே அளவுக்கு வெளுக்கவில்லை என்று அவர் சொன்னார். முன்வரிசைக் கோப்ளின்கள் மாவில் புரட்டியதுபோல, பின்வரிசை பரவாயில்லை, ஓர்க்குகள்மேல் மெல்லிய படலம் மட்டும். யாரும் காதில் வாங்கவில்லை.

## ஐந்து வாரம்

அன்றிரவு நண்பர் மூன்று ஓர்க்குகளை எடுத்து டெட்டாலில் போட்டார். பெயிண்டை உரித்தெடுக்க இந்தப் பொழுதுபோக்கில் பலர் கையாளும் வழி அது. பிளாஸ்டிக்குக்குக் கேடில்லை, ஒரு நாள் ஊறினால் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடலாம். மொத்தப் படையையும் உரித்துவிட்டு விற்றுவிடப்போவதாக மாணவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். குழுவிலிருந்து விலகிக்கொண்டார்.

நான் ஒன்பது நாள் கூப்பிடவில்லை. கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தேன். உண்மையில் அந்தச் சனிக்கிழமைப் பதிலைப் பற்றி அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற தயக்கமும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாணவர் தானாகவே மடிப்பாக்கம் போனார். போவதற்கு முன் குழுவில் மூத்தவரைக் கேட்டிருக்கிறார். ரயில்வேயில் பெயிண்ட் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் அவர் "சார்". சார் போனில் சொன்னது: "உரிக்காதப்பா. முதல்ல பட்ஸ்ல கொஞ்சம் தண்ணி தொட்டு ஒரு இடத்துல வெச்சுப் பாரு. கலர் திரும்புதா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

ஒரு கோப்ளினின் தோளில் தண்ணீர் பட்டதும் பழைய பச்சை அப்படியே தெரிந்தது. காய்ந்ததும் மறுபடி வெண்மை. இந்த ஆய்வில் முடிவெடுக்க உதவிய முதல் சோதனை இதுதான். வெள்ளை வேட்டி நனைந்தால் உடம்பு தெரிகிறதல்லவா, அதே காரணம்தான். காய்ந்த துணியில் நூல்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. ஒளி அதில் பட்டுச் சிதறுவதால் வெண்மை. தண்ணீர் அந்த இடைவெளிகளை நிரப்பினால் சிதறல் குறைந்து அடியில் இருப்பது தெரிகிறது. கோப்ளின்மேல் இருந்தது வெள்ளைப் பெயிண்ட் அல்ல, நுண்ணிய ஓட்டைகள் நிறைந்த வார்னிஷ் படலம். பெயிண்ட் அடியில் பத்திரமாக இருந்தது. தண்ணீருக்குப் பதில் காய்ந்தபிறகும் அங்கேயே தங்குகிற ஏதாவது ஒன்றால் அந்த ஓட்டைகளை நிரப்ப முடிந்தால் படை பிழைக்கும்.

டெட்டாலில் இருந்த மூன்றும் அதற்குள் உரிந்துவிட்டன. மீதி 58.

## காரணம் தேடியது

"மழையில் அடித்தால் இப்படித்தான்" என்பது பொதுவான விளக்கம். தவறில்லை, ஆனால் மாணவர் பார்த்த ஏற்றத்தாழ்வை அது விளக்கவில்லை. ஒரே கேன், ஒரே பால்கனி, ஒரே கை, ஒரே இரவு. முன்வரிசைக் கோப்ளின்கள் இருந்த முதல் அட்டை மட்டும் ஏன் இவ்வளவு மோசம்?

சார்தான் பிடித்தார். ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கினால் மூக்குக்கண்ணாடி ஏன் மங்குகிறது என்று கேட்டார். கண்ணாடி குளிர்ந்திருக்கிறது, வெளிக்காற்று ஈரமாக இருக்கிறது, பட்டதும் பனி படிகிறது. நண்பரின் உருவங்களும் 23 பாகையில் ஊறிக் கிடந்தவை. மழை விட்ட நவம்பர் இரவின் காற்றில் அவை வந்து நின்றதும் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீர் படிந்திருக்கிறது. அதன்மேல் லாக்கர். லாக்கரில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பை இன்னும் குளிர்விக்கும், அதனால் இன்னும் நீர். அந்த நீர்த்துளிகள் படலத்துக்குள் சிக்கி, பிறகு வெளியேறி, ஓட்டைகளை விட்டுப்போகின்றன. மூன்றாவது அட்டை இருபது நிமிடம் வெளியே நின்றதால் சூடேறி ஓரளவு தப்பியது.

கேட்க நன்றாக இருந்தாலும் ஊகம்தான். சோதிக்காமல் எழுதக் கூடாது என்று மாணவர் பிடிவாதமாக இருந்தார். ரிச்சி தெருவில் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கினோம். டிசம்பர் முதல் வாரம், தூறல் நின்ற ஒரு மாலை. கறுப்புப் பெயிண்ட் அடித்த இரண்டு பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் ஸ்பூன்கள். ஒன்று நண்பரின் ஏசி அறையில் ஒரு மணி நேரம், இன்னொன்று ஹாலில் அதே ஒரு மணி நேரம். பால்கனியில் மீட்டர் 27 பாகை, 88 சதவீதம் காட்டியது. அந்தக் காற்றின் பனிநிலை 25 பாகைக்குச் சற்றுக் கீழே வரும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருள்மேலும் நீர் படியும். அதே கேன், ஹாலிலேயே வைத்திருந்தது. இரண்டு ஸ்பூனுக்கும் அடுத்தடுத்து ஒரே வீச்சில் அடித்தோம்.

காலையில் ஏசி ஸ்பூன் சுண்ணாம்பு அடித்ததுபோல. ஹால் ஸ்பூனில் மெல்லிய மங்கல். ஆக, ஈரக்காற்று மட்டும் கொஞ்சம் கெடுக்கும். குளிர்ந்த உருவமும் சேர்ந்தால் முழுக்கக் கெடும். ஆகஸ்ட் மதியத்தின் சோதனை ஆகஸ்ட் மதியத்துக்குத்தான் செல்லும் என்பதும் தெரிந்தது.

ஸ்பூன்களைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நண்பர், "அப்போ என் கை மேல தப்பில்ல" என்றார். இத்தனை வாரமாக அவர் மனதில் இருந்தது அதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

## மூன்று கோப்ளின்கள்

மீட்பு வழிகளை நேரடியாகப் படைமேல் போடாமல், மிக மோசமாக வெளுத்த முதல் அட்டையிலிருந்து மூன்று சாதாரணக் கோப்ளின்களை எடுத்தோம்.

முதலாவதற்கு எண்ணெய். மேலைநாட்டுப் பெயிண்டர்கள் ஆலிவ் எண்ணெய் தடவுவதைப் பரிந்துரைப்பார்கள். நண்பரின் அம்மா தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு வந்தார். தடவியதும் நிறம் அபாரமாகத் திரும்பியது, எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் விரலில் பிசுக்கு, மூன்றாம் நாள் எறும்பு. தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவிலேயே உறையத் தொடங்கும் என்பதால், மார்கழி அதிகாலையில் அல்லது ஏசி அறையில் கோப்ளின் மறுபடி வெளுக்கும் வாய்ப்பும் உண்டு. எண்ணெய்மேல் வேறு வார்னிஷும் பிடிக்காது. சோப்பு நீரில் கழுவி, இந்த வழியைக் கைவிட்டோம்.

இரண்டாவதற்கு அதே லாக்கரை உலர்ந்த வேளையில் மறுபடி அடிப்பது. புதிய கரைப்பான் பழைய படலத்தை இளக்கி ஓட்டைகளை மூடிவிடும் என்பது எண்ணம். மழை ஓய்ந்த ஒரு முற்பகலுக்காகப் பத்து நாள் காத்திருந்தோம். தட்டையான இடங்கள் தெளிந்தன, மடிப்புகளில் வெண்மை தங்கிவிட்டது.

மூன்றாவதற்கு நீரில் கரையும் கிளாஸ் (gloss, பளபளப்பான) வார்னிஷ், பிரஷ்ஷால். மேட் வார்னிஷில் பளபளப்பைக் கொல்ல நுண்துகள் கலந்திருக்கும். கிளாஸில் அது இல்லை, ஓட்டைக்குள் இறங்கித் தெளிவாகக் காயும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு இளக்கி, குமிழி வராமல் இழுத்தோம். காய்ந்ததும் கண்ணாடிக் கோப்ளின்போலப் பளபளத்தது, ஆனால் நிறம் திரும்பியிருந்தது. மறுநாள் அதன்மேல் நீரில் கரையும் மேட் வார்னிஷ், அதுவும் பிரஷ்ஷால்தான், இரண்டு மெல்லிய கை. ஒரு வாரம் வைத்துப் பார்த்தோம். வெண்மை திரும்பவில்லை.

மூன்றாவது வழியைத் தேர்ந்தோம். வேகத்துக்காக அல்ல, 58 உருவத்தையும் கையால் தொட்டுச் செய்ய வேண்டியிருப்பதால் இதுதான் மிக மெதுவான வழி. மழைக்காலத்தில் வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம் என்பதும், கெட்டால் ஒரு நேரத்தில் ஒரு உருவம்தான் கெடும் என்பதும் காரணம்.

## சீரமைப்பு

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசிவரை சனிக்கிழமை மாலைகள். பெயிண்டை யாரும் தொடக் கூடாது, வார்னிஷ் மட்டும் என்று நண்பர் சொல்லிவிட்டார், நியாயம்தான். நாலு பேர் உட்கார்ந்தோம். முதல் மாலை அரைமணி நேரம் பார்த்துவிட்டு அவருடைய அம்மா ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். கொசப்பேட்டையில் வாங்கிய பழைய கொலுபொம்மைகளுக்கு வருஷா வருஷம் மூக்கும் விரலும் தொட்டுச் சரிசெய்கிற கை. எங்களைவிட நிதானம். முதல் அட்டையின் மோசமான கோப்ளின்களில் பதினான்கை அவர்தான் முடித்தார். "நான் நவராத்திரி முடிஞ்சதும் பொம்மைக்கு மெருகேத்தி, மழை ஆரம்பிக்கறதுக்குள்ள துணி சுத்தி உள்ள வெச்சுடறேன். நீங்க அப்பதான் வெளிய எடுக்கறீங்க" என்றார். இதை நவம்பர் முதல் வாரத்தில் யாராவது அவரிடம் கேட்டிருக்கலாம்.

58-ல் 47 நன்றாகத் தெளிந்தன. பதினொன்றில் கறுப்பு, கருநீலப் பகுதிகளில் சாம்பல் நிழல் நின்றுவிட்டது. இருண்ட நிறத்தில்தான் மீந்த மங்கல் அதிகம் தெரியும். அவற்றில் அந்தப் பகுதிகளை மட்டும் நண்பர் மறுபடி பெயிண்ட் செய்ய வேண்டியிருந்தது. எந்த அங்கிக்கு எந்தக் கலவை என்று அவர் குறித்து வைக்கவில்லை. அங்கேதான் கொலுப் படங்கள் வந்தன. உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கி, பூதகணத்தின் பின்னால் சுண்டல் கிண்ணம் தெரிகிற படங்களைப் பெரிதாக்கி, நிறத்தை ஒப்பிட்டு அடித்தார். விளக்கொளியில் எடுத்தவை என்பதால் எல்லாமே கொஞ்சம் மஞ்சள் தட்டியிருந்தன. அதே படத்தில் இருந்த வெள்ளைப் பிள்ளையாரை வைத்து மஞ்சளைக் கழித்துக்கொண்டார்.

உரிந்த மூன்று ஓர்க்குகளையும் புதிதாகவே அடித்தார். பழையதைவிட நன்றாக வந்திருக்கின்றன. இதை அவரிடம் சொன்னபோது அவ்வளவாக ரசிக்கவில்லை.

## மேசையும் விதியும்

பொங்கலுக்கு அடுத்த கூட்டத்தில் விதியை மறுபடி விவாதத்துக்கு எடுத்தோம். இரண்டு மணி நேரம் பேச்சு. இப்போது இருப்பது: மூன்று நிறமும் பேஸும் (உருவம் நிற்கும் அடித்தட்டின் வேலை) இருந்தால் போதும், வார்னிஷ் கணக்கில் இல்லை. புதிதாகச் சேர்த்த அணி பிரைமரோடு மூன்று ஆட்டம் வரை மேசை ஏறலாம். அடித்து முடிக்காத காரணத்துக்காக யாரும் பகடை மட்டும் உருட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. மூன்று நிறமும் பேஸும் என்பது பல ஊர்ப் போட்டிகளில் பழகிய அளவுகோல்தான், நாங்கள் கண்டுபிடித்ததல்ல. ஒருவர் இதற்கு உடன்படவில்லை. பழைய விதி இல்லாவிட்டால் அந்த நான்கு படைகள் முடிந்திருக்காது என்கிறார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அவருடைய படைதான் அந்த நான்கில் முதலாவது.

பெரிய ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலையில் "இதைச் செய்யலாமா" என்று யார் கேட்டாலும் என் பதில் இப்போது "அப்படியே வாங்க". விரல் பட்டு ஈட்டி முனை தேய்ந்தால் ஐந்து நிமிட வேலை.

ஸ்ப்ரேயைப் பொறுத்தவரை, அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசிவரை குழுவில் யாரும் கேனைத் தொடுவதில்லை; பிரைமரும் பிரஷ்ஷால்தான். மற்ற மாதங்களில் மீட்டரில் 65 சதவீதத்துக்குக் கீழே வந்தால் அடிக்கிறோம். சென்னையில் அது கிடைக்கும் வேளை பலர் நினைப்பதற்கு நேர்மாறு. விடிகாலை குளுகுளுவென்று இருக்கிறதே, அப்போதே அடித்துவிடலாம் என்று நானே பல வருடம் மொட்டை மாடிக்கு ஓடியிருக்கிறேன். ஈரப்பதம் நாளிலேயே உச்சத்தில் இருப்பது அப்போதுதான். வெயில் ஏறி, கடற்காற்று நுழைவதற்கு முன்னால், பத்திலிருந்து பன்னிரண்டு மணிக்குள் உள்ள நேரமே தோதானது. கத்திரி வெயிலில் அதுவும் கூடாது. நாற்பது பாகையில் துளி உருவத்தை அடையும் முன்பே பாதி காய்ந்து, மணல் தூவியதுபோலச் சொரசொரப்பாக விழும். ஏசி அறையில் இருந்த உருவத்தையும் கேனையும் ஒரு மணி நேரமாவது, அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் தொடுகிறோம். இருபது நிமிடம் போதுமா என்று நாங்கள் சோதிக்கவில்லை, அதனால் ஒரு மணி நேரம்.

செய்யாமல் விட்டதும் உண்டு. அந்த ஞாயிறு நண்பர் கிளம்பியபோது ஒருவராவது கூடப் போயிருக்க வேண்டும். பிரியாணி வந்துவிட்டது, ஆட்டம் பாதியில், ஒருவரும் போகவில்லை. இதற்கு விதி எழுத முடியாது என்பதால் கூட்டத்தில் பேசவும் இல்லை. நான் பிறகு அவரிடம் தனியாகச் சொன்னேன். "விடுங்கண்ணா" என்றார்.

பிப்ரவரி முதல் ஞாயிறு அவர் படையோடு வந்தார். 61 உருவங்களும் மேசையில். இரண்டு கை தள்ளி நின்று பார்த்தால் எது வெளுத்தது, எது புதிதாக அடித்தது என்று சொல்ல முடியாது. விளக்குக்கு அடியில் திருப்பினால் ஏழெட்டுக் கோப்ளின்களின் அக்குளில் கொஞ்சம் வெண்மை தெரியும். திருநீறு என்று சொன்னவரே அன்று எதிர்ப்பக்கம் ஆடினார், எதுவும் சொல்லவில்லை. மாணவர் பிரைமரோடு நின்ற தன் எலும்புக்கூட்டு அணியை முதல்முறையாக இறக்கினார். நண்பரின் ட்ரோல் இன்னும் முடியவில்லை. தோலுக்கு எந்தப் பச்சை என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.